பன்னிரண்டாம் வளைவில் இடம் மாறிய கோயில்

அத்தியாயம் 6

"ஏறி உட்காரு பிரதீப்," என்றாள் அனுசியா.

"உட்கார்ந்துதானக்கா இருக்கேன். வண்டி ஓட்டுறதே நான்தான்."

"இங்க இல்ல. பின்னாடி, கதவுகிட்ட. காலை வெளிய தொங்கப் போட்டு, வந்த ரோட்டைப் பார்த்து உட்காரணும்."

பிரதீப் ஸ்டியரிங்கை விடாமல் திரும்பிப் பார்த்தான். போடிக்காரன். துப்பறியும் அனுசியாவிடம் உதவியாளனாகச் சேர்ந்த நாளிலிருந்து குப்பைத்தொட்டிக்குள் இறங்கியிருக்கிறான், முன்பின் தெரியாத கல்யாணத்தில் பந்தி பரிமாறியிருக்கிறான், ஒரு தடவை பிணமாகக்கூடப் படுத்திருக்கிறான். ஆனால் சொந்த ஊர் மலையில், சொந்தக்காரர்கள் பார்க்கும் ரோட்டில், லோடு மாதிரிப் பின்னால் தொங்கச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"அப்ப வண்டிய யாரு ஓட்டுறது?"

"நான்."

"அதுக்கு, மேல வளைவுல இருக்குற முனீஸ்வரனையே ஓட்டச் சொல்லலாம்," என்று முனகிக்கொண்டே இறங்கிப் பின்னால் போனான்.

முன்சீட்டில் மடியில் தோல்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பால்ராஜ் கடிகாரத்தைப் பார்த்தார். சென்னையில் இருக்கும் பொன்வண்டு கேம்ஸ் என்ற கம்பெனியின் சட்ட ஆலோசகர். அவர்தான் இந்தக் கேஸை அனுசியாவிடம் கொண்டுவந்தவர்.

கேஸ் இதுதான். இருபது வருஷத்துக்கு முன்னால் போடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஜக்கையன் என்பவர் 'மலைச் சவாரி' என்று ஒரு வீடியோ கேம் செய்தார். போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் ஜீப்பை ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். இரண்டு சிடி. காலையில் மலையேறுவது 'ஏற்றம்'. சாயங்காலம் திரும்புவது 'இறக்கம்'. நிஜ ரோட்டை வளைவுக்கு வளைவு அப்படியே வரைந்திருந்தார். தேனிப் பக்கம் பிரவுசிங் சென்டருக்குப் போன பையன்களில் பாதிப் பேர் கியர் போடக் கற்றுக்கொண்டதே அதில்தான். உரிமையை அவர் ஒரு கம்பெனிக்குக் கொடுத்தார். அந்தக் கம்பெனி செல்போனில் அதை விற்றது. ஒரு தடவை வாங்கினால் ஆயுசுக்கும் உங்களுக்கே என்று சத்தியம் செய்து விற்றது. பிறகு ஜக்கையனும் போய்ச் சேர்ந்தார், அந்தக் கம்பெனியையும் பொன்வண்டு விழுங்கியது. விழுங்கிய கையோடு செல்போன் ஆட்டத்தை நிறுத்தியது. ஆயுசுக்கும் என்று வாங்கினவர்கள் போனில் ஒருநாள் காலையில் ஜீப் கிளம்பவில்லை.

கொஞ்ச நாளில் யாரோ ஒரு புண்ணியவான் பழைய சிடியிலிருந்து 'ஏற்றம்' பாகத்தை எடுத்து நெட்டில் இலவசமாக விட்டார். அதற்கும் பிறகுதான் பொன்வண்டு 'மலைச் சவாரி கோல்டு' என்று அதே சரக்கைக் கடைக்குக் கொண்டுவந்தது. மாதாமாதம் சந்தா கட்டினால்தான் ஜீப் கிளம்பும். வளைவுக்கு ஒரு பற்பசை விளம்பரம் வரும். ஜனங்கள் சந்தாவைத் திட்டிவிட்டு இலவச ஜீப்பில் ஏறிக்கொண்டார்கள். அந்தப் புண்ணியவானைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். வழக்குப் போட்டு உள்ளே வைப்பதாகப் பால்ராஜ் சொல்லியிருந்தார்.

அனுசியாவுக்கு இந்தக் கேஸில் முதல் நாளிலிருந்தே மனசு உறுத்தல். ஆயுசுக்கும் என்று நம்பி வாங்கி ஏமாந்தவர்களில் அவளும் ஒருத்தி. முடியாது சார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் புதிர் நன்றாக இருந்தது. நல்ல புதிரைப் பார்த்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. தப்பு செய்கிறோம் என்று தெரிந்தேதான் பெட்டியைக் கட்டிக்கொண்டு மதுரையிலிருந்து கிளம்பினாள்.

ஜீப் உறுமியது, இருமியது, ஒரு தடவை பின்னால் உருண்டது, பிறகு பன்னிரண்டாம் வளைவில் ஏறியது. பிரதீப் தெரிந்த சாமிகளையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். வளைவின் நடுவில் பாறையை ஒட்டி ஆளுயரத்துக்கு முனீஸ்வரன் கோயில், முன்னால் டயரில் நசுங்கிய எலுமிச்சம்பழங்கள். இங்கே நின்று ஹாரன் அடிக்காமல் எந்த ஜீப்பும் மலையேறுவதில்லை. அனுசியாவும் அடித்தாள்.

"பிரதீப்! கோயில் எந்தக் கைப்பக்கம்?"

"வலது கை! உசுரு எந்தப் பக்கம்னு கேளுங்க, அது தொண்டையில இருக்கு!"

"சார், உங்களுக்கு?"

"இடது," என்றார் பால்ராஜ். "இதுல என்னம்மா இருக்கு?"

"இதுலதான் சார் எல்லாம் இருக்கு." வளைவைத் தாண்டி ஓரமாக நிறுத்தினாள். "உங்க கம்பெனியோட அசல் சிடி டப்பாவை எடுங்க."

பால்ராஜ் பையிலிருந்து பழைய பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். மேலட்டையில் ஜக்கையன் வரைந்த படம். மலையேறும் ஜீப், பன்னிரண்டாம் வளைவு, இடது பக்கம் கோயில். அனுசியா டப்பாவைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.

"சிடி எங்க சார்?"

"ஆபீஸ்ல, லாக்கர்ல, பத்திரமா இருக்கு," என்றார் பால்ராஜ், கேள்வி முடிவதற்குள்ளாகவே.

அனுசியா அந்த அவசரத்தை மனசில் குறித்துக்கொண்டாள். "பிரதீப், உன் போனைக் கொண்டா. இலவச ஆட்டம் இருக்குல்ல?"

"ஆதாரத்துக்காக வச்சிருக்கேன்க்கா."

"எத்தனையாவது லெவல் வரைக்கும் ஆதாரம்?"

"கடைசி லெவல் வரைக்கும்," என்றான், பால்ராஜைப் பார்க்காமல்.

இலவச ஆட்டத்தில் மற்ற வளைவுகளெல்லாம் நிஜ ரோட்டுப்படியே இருந்தன. பன்னிரண்டில் மட்டும் கோயில் வலது பக்கம் நின்றது. பாறையின் நிறமும் கொஞ்சம் வேறாக இருந்தது.

"இந்தத் துண்டு ஜக்கையன் கை இல்ல," என்றாள் அனுசியா. "சிடியில கீறல் விழுந்து இந்த வளைவு மட்டும் அழிஞ்சுபோயிருக்கு. நெட்ல விட்ட ஆளு ஞாபகத்துல இருந்து வரைஞ்சு ஒட்டியிருக்காங்க. அவங்க ஞாபகத்துல கோயில் வலது கைப்பக்கம். யாருக்கு அப்படி ஞாபகம் இருக்கும்? டிரைவருக்கு இருக்காது. முன்சீட்டு முதலாளிக்கும் இருக்காது. உள்ள பெஞ்சுல நெருக்கி உட்கார்றவங்களுக்கு ரோடே தெரியாது. தினமும் கடைசியா ஏறி, வாசல்ல காலைத் தொங்கப் போட்டு, பின்னாடி பார்த்துக்கிட்டே மலையேறுற ஆளுக்குத்தான் இடது வலதா இருக்கும்."

பிரதீப் தான் காலைத் தொங்கப் போட்டு வந்த கதவைத் திரும்பிப் பார்த்தான். அனுசியா அவன் பக்கம் திரும்பினாள்.

"மலையேறுறதுக்கு முந்தி கடைசியா ஆள் ஏறுற ஊர் எது?"

"முந்தலு."

"முந்தல்ல ஏறி, வாசல்ல உட்கார்ந்து, கம்ப்யூட்டரும் தெரிஞ்ச தோட்டத்து ஆள் யாருன்னு விசாரி. நாலு பேரு தேறமாட்டாங்க."

பிரதீப் போடி ஜீப் ஸ்டாண்டில் இருக்கும் பெரியகருப்பனுக்குப் போன் போட்டான். பேசப் பேச அவன் முகம் மாறியது. "சரிண்ணே. கம்பெனிக்காரரு கூடவே வர்றாரு, யாருகிட்டயும் மூச்சு விட்றாதீக," என்று வைத்தான். பெரியகருப்பனிடம் யாரிடமும் சொல்லாதே என்பது, ஜீப்பில் மைக் கட்டி அறிவிப்பதற்குச் சமம். அவசரத்தில் அவனுக்கு அது நினைவில்லை.

"ஆளு தெரிஞ்சிருச்சா?"

"பவித்ரா. தவசியண்ணன் மக. கீழ ஜக்கையன் சென்டர்லதான் படிச்சுச்சாம். இப்ப மேல ஒரு எஸ்டேட்டு ஸ்டோர்ல கணக்கு பாக்குது." கொஞ்சம் நிறுத்தினான். "தவசியண்ணன் ஜீப்புலதான்க்கா எங்க ஊரே மலையேறிச்சு. சொந்த மகளுக்குக் கடைசி இடம்தான் குடுப்பாரு. கூலி குடுத்து வர்றவுக முதல்ல உட்காரட்டும்பாரு. நீங்க ஏன்க்கா இம்புட்டு அறிவா இருக்கீக?"

அனுசியாவுக்குச் சுருக்கென்றது. கெட்டிக்காரத்தனத்துக்குக் கைதட்டு வாங்கிய அதே நிமிஷத்தில் ஒரு பெண்ணின் பெயரை எடுத்துப் பால்ராஜ் கையில் கொடுத்துவிட்டாள். பால்ராஜ் அதைப் போனில் எழுதிக்கொண்டார். எழுதிய பிறகு, கோயில் பக்கம் மாறியிருக்கும் கதை அவருக்கே சுவாரசியமாகிவிட்டதோ என்னவோ, சும்மா தன் போனில் கோல்டைத் திறந்து ஓட்டிப் பார்த்தார். பற்பசை விளம்பரம் முடிந்து ஜீப் பன்னிரண்டாம் வளைவுக்கு வந்தது. அவருக்கு அது படம்தான். தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அனுசியாவுக்கு அது கேஸின் முடிவு.

அவள் பார்த்தது என்ன என்பதைச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று நிச்சயமாகத் தெரிந்துபோயிற்று. பவித்ரா பயப்பட வேண்டியதில்லை. இந்த மனிதரால் அவள்மேல் கேஸே போட முடியாது. இங்கேயே நாலு வார்த்தை பேசி வண்டியைத் திருப்பிவிடலாம்.

"என்னக்கா, கண்ணு மின்னுது?" பிரதீப் கிசுகிசுத்தான். "பவித்ராவுக்கு நல்லதா கெட்டதா?"

"நல்லது."

"அப்ப இப்பவே சொல்லிருங்க. வெரசா முடிஞ்சிரும்."

"எதையும் அதது இடத்துல வச்சுத்தான் பிரதீப் சொல்லணும்," என்றாள் அனுசியா. பிறகு அவனையே ஓட்டச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

போடிமெட்டில் பால்ராஜ் டீ குடிக்க வேண்டும் என்றார். குளிருக்கு இதமாக ஏலக்காய் டீ.

"சார், எங்க ஊரு ஏலக்காய் ஏலத்துல ஒரு வேலை நடக்கும்," என்று பிரதீப் ஆரம்பித்தான். "சில வியாபாரிக ஏலத்துல எடுத்த காயையே சாக்கு மாத்தி, புதுசுன்னு சொல்லி மறுபடியும் ஏலத்துக்குக் கொண்டாருவாக. ரீபூலுன்னு பேரு. அதே காயி, ரெண்டு தடவை வெலை. உங்க கம்பெனியில ஏலக்காய் ஆளு யாரும் இருக்காகளா?"

"எங்கள் தயாரிப்பு மெருகேற்றப்பட்ட மறுவெளியீடு," என்றார் பால்ராஜ், அட்டையில் எழுதியிருப்பதை வாசிப்பவர் போல.

"காயிக்கும் மெருகு போடுவாக சார். பச்சைச் சாயம். தண்ணியில போட்டா வெளுத்துரும்."

அனுசியா சிரித்தாள். இன்னொரு டீ சொன்னாள். அந்த ரகசியம் அவளுக்குள் இனிப்பு மாதிரி இருந்தது. இறங்கிப்போய் ஒரு போன் போட்டு, பவித்ரா, ஒன்றும் இல்லை அம்மா என்று சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை. இதைப் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள், ஒரு தடவைகூடத் தன்னை மன்னிக்க முடியவில்லை.

பறித்த பச்சை ஏலக்காயைக் காயவைக்கும் கட்டடத்துக்கு மலையில் ஸ்டோர் என்று பெயர். பக்கவாட்டில் விறகு போட்டு எரிக்கும் உலை, உள்ளே சூடு ஏறும் அறையில் தட்டுத்தட்டாகக் காய். ஜீப் போய் நின்றபோது உலைவாயில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். கழுத்தைச் சுற்றி மப்ளர். இவர்களைப் பார்த்ததும் கையிலிருந்த விறகை உள்ளே தள்ளி, இரும்புக் கதவைச் சாத்தி, அதன் முன்னாலேயே அசையாமல் நின்றுகொண்டார்.

"தவசியண்ணே, நல்லாருக்கீகளா?" என்றான் பிரதீப், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவருக்குப் பேச்சு வராது, ஜீப்பும் அத்தோடு நின்றுபோனது என்று பிரதீப் மெதுவாக அனுசியாவிடம் சொன்னான்.

கணக்கு அறையில் பவித்ரா எழுந்து நின்றாள். இருபத்தெட்டு இருபத்தொன்பது வயதிருக்கும். மேஜைமேல் மாட்டு வண்டி காலத்துக் கம்ப்யூட்டர் ஒன்று. பால்ராஜ் நோட்டீஸை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். அவர் இரண்டாவது வரி முடிப்பதற்குள் அவள் குறுக்கிட்டாள்.

"நான்தான் சார் நெட்டுல விட்டேன். ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"அது குற்றம்னு தெரியுமாம்மா?"

"தெரியும். ராத்திரி பயமாவும் இருக்கும். ஆனா நீங்க செஞ்சதுக்கு என்ன சார் பேரு? ஆயுசுக்கும்னு சொல்லி வித்தாக. இந்த எஸ்டேட்டுல எத்தனை பேரு வாங்கினோம் தெரியுமா? பறிக்கப் போற அக்காமாருக கூட சாப்பாட்டு நேரத்துல ஓட்டுவாக, அவுக போற ரோடு அதுல வருதுன்னு. திடீர்னு ஒருநாள் திறக்கல. கேட்டா பதில் இல்ல. பிறகு கோல்டுங்குறீக. மாசாமாசம் கட்டணும்னா அது வாங்குறதா, வாடகையா? சிடியையும் விக்க மாட்டீக, விக்கிறதையும் எடுத்துருவீக, வேற ஆளு குடுத்தா திருடிங்குறீக. பிடிச்ச ஒரு ஆட்டத்தை நாங்க எப்படித்தான் சார் வச்சுக்கிறது?"

பால்ராஜ் நோட்டீஸை மேஜைமேல் வைத்து, "கையெழுத்து போடுங்க," என்றார்.

இந்த இடத்துக்குத்தான் அனுசியா காத்திருந்தாள். ஒரு அடி முன்னால் வந்தாள்.

"ஒரு நிமிஷம் சார். நோட்டீஸ்ல, கம்பெனிகிட்ட இருக்குற அசல் சிடியில இருந்துதான் கோல்டு செஞ்சதா எழுதியிருக்கீங்க. சரிதான?"

"ஆமா."

"உங்க போன்ல கோல்டைத் திறங்க. பன்னெண்டாம் வளைவு. பவித்ரா, இங்க வாம்மா. பார்த்துச் சொல்லு, கோயில் எந்தப் பக்கம்?"

பவித்ரா குனிந்து பார்த்தாள். "வலது பக்கம்." பிறகு போனைக் கையிலேயே வாங்கிக்கொண்டாள். "இருங்க. இது என் கோயிலு. வேல்ல மூணு எலுமிச்சம்பழம் குத்தியிருக்கு பாருங்க, அது நான் போட்டது. சிடியில இந்த இடம் அழிஞ்சுபோயி நான்தான் வரைஞ்சு ஒட்டினேன்."

"அசல்ல இடது பக்கம். நிஜ ரோட்லயும் இடது பக்கம். உலகத்துலயே வலது பக்கம் இருக்குறது நீ வரைஞ்ச துண்டுல மட்டும்தான்." அனுசியா பால்ராஜ் பக்கம் திரும்பினாள். "லாக்கர்ல சிடியே இல்ல. அதான் வெறும் டப்பாவைத் தூக்கிட்டுத் திரியிறீங்க. இந்தப் பொண்ணு நெட்ல விட்டதை இறக்கி, விளம்பரத்தை ஒட்டி, சந்தா போட்டு வித்திருக்கீங்க. இப்ப அவளையே திருடின்னு கோர்ட்டுக்கு இழுக்கப் போறீங்க. அசலைக் காட்டுங்கன்னு ஜட்ஜ் கேட்டா எதை சார் நீட்டுவீங்க?"

பிரதீப் விசில் அடிக்கப் போய், கம்பெனி மரியாதையை நினைத்து நிறுத்திக்கொண்டான். பால்ராஜ் காய் மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தார். அனுசியாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதற்குத்தானே இந்தத் தொழில் என்று அந்த நிமிஷம் தோன்றியது.

"பழைய கம்பெனியில இருந்து எங்களுக்கு வந்தது டப்பா மட்டும்தான்," என்றார் பால்ராஜ் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "எனக்கும் இது பிடிக்கலைம்மா. நான் சம்பளக்காரன்." நோட்டீஸை நாலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். "கேஸ் இல்ல. ஆனா ஒண்ணு கேட்கணும். அந்த இரண்டாவது சிடி, 'இறக்கம்', அது உங்ககிட்ட இருக்கா? அதுக்காகத்தான் நானே நேர்ல வந்தேன்."

பவித்ராவின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "இருக்கு சார். ஜக்கையன் சார் கையால குடுத்தது. வேற எங்கயும் இருக்குறதாத் தெரியல."

"அதையும் நெட்ல விட்டிருக்கீங்களா?"

"இல்ல. காப்பி எடுக்கப் போனாலே திணறுது, உடைஞ்சிருமோன்னு பயம். இந்தப் பழைய கம்ப்யூட்டர்ல மட்டும்தான் ஓடும். ஞாயித்துக்கிழமை அப்பாவுக்குப் போட்டுக் காட்டுவேன்." "இறக்கத்துல டிரைவரு பேசிக்கிட்டே வருவாருல்ல சார், தூக்கம் வராம இருக்கப் பொம்பளையாளுக கிட்ட வம்பளந்துக்கிட்டு? அது எங்கப்பா குரலு. ஜக்கையன் சாரு ஜீப்புலயே உட்கார்ந்து பதிஞ்சாரு. அப்பா குரலு வேற எதுலயும் இல்ல. சிடியைத் தர்றேன், நீங்க நல்ல ஆளுகள வச்சு அதைச் சரி பண்ணுங்க. ஆனா அந்தக் குரலை மாத்தக்கூடாது. வாங்கினவுக கிட்ட இருந்து திருப்பி எடுக்கவும் கூடாது. எழுதிக் குடுங்க."

"எழுதித் தர்றேன்," என்றார் பால்ராஜ். உண்மையாகவே சொன்னார் என்றுதான் தோன்றியது.

பவித்ரா மேஜை இழுப்பறையைத் திறந்தாள். பிஸ்கட் டின்னை எடுத்தாள். மூடியைத் திறந்தவள் அப்படியே நின்றாள். டின்னுக்குள் சிடியைச் சுற்றி வைத்திருந்த துணி மட்டும் கிடந்தது.

"அப்பா!" என்று கூப்பிட்டாள். "அப்பா, சிடியை எடுத்தீகளா?"

தவசி வாசலில் வந்து நின்றார். மகளையும் பால்ராஜையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்த போனைத் தொட்டுக் காட்டினார். கீழே, போடி இருக்கும் திசையில், கையை நீட்டினார். பிரதீப் தலையில் கைவைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தான்.

"பெரியகருப்பண்ணன் போன் பண்ணினாரா?" என்றாள் பவித்ரா. "கம்பெனிக்காரரு வர்றாருன்னு?"

ஆமாம் என்று தலையாட்டினார். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து விலங்கு போட்டதுபோல் பிடித்து, மகளைக் காட்டினார். பிறகு உலையின் பக்கம் திரும்பி, எதையோ உள்ளே எறிவது போலக் கையை வீசினார்.

உலையில் விறகு வெடிக்கும் சத்தம் கேட்டது. பவித்ரா டின்னின் மூடியை மெதுவாக மூடினாள். அழுத்தி மூடினாள். அழவில்லை.

தவசி பால்ராஜைச் சுட்டிக்காட்டி, மகளிடம் கையை விரித்துக் கேட்டார். இப்ப என்ன ஆச்சு?

"கேஸ் இல்லப்பா," என்றாள் பவித்ரா. "ஒண்ணும் இல்ல. இந்த அக்கா பேசி முடிச்சிட்டாக."

அந்த மனிதரின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. சத்தமில்லாமல் சிரித்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. உள்ளே போய்த் தட்டிலிருந்து காய்ந்துகொண்டிருந்த ஏலக்காயை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்தார். ஸ்டோருக்கு வந்த விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. அனுசியாவின் கையைப் பிடித்து விரித்து, அதில் கொட்டி, அந்தக் கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

காய் சூடாக இருந்தது. எந்த நெருப்பின் சூடு என்று அவளுக்குத் தெரியும். கையை உதறவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை. வாழ்க்கையில் இவ்வளவு வெட்கமாக அவள் நின்றதில்லை.

"அண்ணே, எனக்கு நன்றி சொல்லாதீங்க," என்றாள். "எனக்குக் கீழ முனீஸ்வரன் வளைவுலயே தெரியும். அங்கயே சொல்லியிருந்தா இவரு அங்கயே திரும்பியிருப்பாரு. உங்களுக்கும் போன்ல சொல்லியிருக்கலாம். நான் சொல்லல. போடிமெட்டுல உட்கார்ந்து டீ குடிச்சேன்."

தவசி அதைக் கேட்டார். பரவாயில்லை என்பதுபோல் கையை ஆட்டினார். மகளைக் காட்டி, நெஞ்சில் கைவைத்து, போதும் என்றார். பிறகு உலையைப் பார்க்கப் போய்விட்டார். காய் தீய்ந்துவிடக் கூடாது அல்லவா.

பவித்ரா போகவில்லை. அவளால் பரவாயில்லை என்று விட முடியவில்லை.

"தெரிஞ்சும் ஏன்க்கா சொல்லல?"

எத்தனையோ கேஸில் எத்தனையோ பேருடைய பொய்யைப் பிடித்தவள் அனுசியா. ஒரு நல்ல பொய்யை அந்த நேரத்தில் அவளாலும் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை.

"எல்லாரும் இருக்கும்போது, கடைசியில சொன்னா நல்லா இருக்கும்னு நெனச்சேன்மா."

பவித்ரா காலி டின்னை இழுப்பறைக்குள் வைத்து மூடினாள்.

"நல்லாத்தான்க்கா இருந்துச்சு," என்றாள்.